இலவச மனையில் எழுந்த ஊர்

பகடி வேண்டாம், டெபாசிட் வேண்டாம், புரோக்கர் கமிஷனும் வேண்டாம். பிடித்த பேட்டையில் காலி மனை பார்த்து வீடு கட்டிக் குடியேறலாம் என்று ஒருவர் சொன்னால், மும்பையில் பத்து வருஷம் இருந்த எவரும் அவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆனால் 1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு கம்பெனி உலகம் முழுமைக்கும் அப்படித்தான் அறிவித்தது. சொன்னபடி கொடுக்கவும் செய்தது. மனை மட்டும் மண்ணில் இல்லை, கம்ப்யூட்டருக்குள் இருந்தது. கம்பெனியின் பெயர் ஜியோசிட்டீஸ்.

நம் சங்கத்துப் பிள்ளைகளில் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவர்களுடைய அப்பா அம்மாக்களுக்கு நினைவிருக்கலாம். நான் வங்கி ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தத் தொழிலில் இருந்ததால் இந்தக் கம்பெனி வளர்ந்ததையும் தேய்ந்ததையும் கவனித்து வந்திருக்கிறேன். வாடிக்கையாளர்களை ஓர் ஊர் ஜனங்களாக ஆக்குவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்த ஊர் எப்படிக் கலைந்தது என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்து, சங்கம் வைத்து வாழும் நமக்கு இரண்டு பாதியுமே உபயோகப்படும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

கோடவுனும் குடியிருப்பும்

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இன்டர்நெட்டில் நாம் ஒரு பக்கம் வைக்க வேண்டுமானால், அது இரவும் பகலும் அணையாமல் ஓடும் ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் இருந்தாக வேண்டும். அப்போதுதான் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அதைத் திறந்து பார்க்க முடியும். அப்படிப்பட்ட கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு இடம் கொடுப்பது ஒரு தொழில். பெரும்பாலும் அது கோடவுன் வியாபாரம் மாதிரிதான். பிவண்டியில் ஒரே கோடவுனில் பத்துப் பேர் சரக்கு வைத்திருப்பார்கள். ஒருவரை ஒருவர் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். வாடகை கட்டினோமா, சரக்கு பத்திரமா, அவ்வளவுதான்.

டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் என்ற இருவர் 1994-ஆம் ஆண்டின் இறுதியில், லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில், 'பெவர்லி ஹில்ஸ் இன்டர்நெட்' என்ற பெயரில் கம்பெனி ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷம் அவர்களுக்கு ஒரு யோசனை தோன்றியது. இடத்தை இலவசமாகக் கொடுப்பது. கொடுக்கும் இடத்தைக் கோடவுன் போல வைக்காமல் ஊராகப் பிரிப்பது. கம்பெனியின் பெயரும் ஜியோசிட்டீஸ் என்று மாறியது. நம் நாட்டில் விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்பைத் திறந்துவிட்டதும் அதே 1995-இல், ஆகஸ்ட் 15 அன்றுதான். அவ்வளவு ஆரம்ப காலம் அது.

முதலில் ஆறு பேட்டைகள் போட்டார்கள். சினிமாப் பிரியர்களுக்கு ஹாலிவுட், விளையாட்டுக்குக் கொலோசியம், பாட்டுக்கு சன்செட் ஸ்ட்ரிப், பணம் காசு பேசுகிறவர்களுக்கு வால் ஸ்ட்ரீட், கடை கண்ணிக்கு ரோடியோ டிரைவ். ஆறாவது வெஸ்ட் ஹாலிவுட். ஆணை விரும்பும் ஆண்களுக்கும் பெண்ணை விரும்பும் பெண்களுக்கும் உரிய பேட்டை. சொந்த வீட்டிலேயே வாய் திறந்து பேச முடியாதவர்களுக்கு அங்கே ஒரு வாசலும் விலாசமும் கிடைத்தது.

ஜனம் பெருகப் பெருகப் பேட்டைகளும் பெருகின. படிப்புக்கும் இலக்கியத்துக்கும் ஏதென்ஸ், கம்ப்யூட்டர்காரர்களுக்கு சிலிக்கன் வேலி, விஞ்ஞானத்துக்குக் கேப் கனாவரல், குடும்பஸ்தர்களுக்கு ஹார்ட்லேண்ட், குழந்தைகளுக்கு என்சான்டட் ஃபாரஸ்ட், நாய் பூனை வளர்ப்பவர்களுக்குப் பெட்ஸ்பர்க். பேட்டை நிறைந்துபோனால் அதை ஒட்டிப் புறநகர் போட்டார்கள். நமக்கு முலுண்டு நிறைந்து டோம்பிவிலி வந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மனை பிடிக்கும் முறைதான் சுவாரசியம். வீடுகளுக்கு நான்கு இலக்கத்தில் கதவு எண் இருந்தது. எந்தப் பேட்டை என்று தீர்மானித்துக்கொண்டு, எந்த எண்ணில் ஆள் இருக்கிறார்கள், எது காலி என்று வரிசையாகப் பார்த்துவிட்டு ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு உங்கள் பக்கத்தின் விலாசமே 'ஏதென்ஸ், இத்தனாம் நம்பர்' என்று ஆகிவிடும். முதல் வேலையாகப் பக்கத்து நம்பர்க்காரர் யார் என்று எட்டிப் பார்க்கத் தோன்றுமா இல்லையா? அங்கேதான் அந்தக் கம்பெனியின் சாமர்த்தியம் இருந்தது. மனிதனுக்கு விலாசம் கொடுத்துவிட்டால் அக்கம்பக்கம் தானாக வந்துவிடும்.

ஆரம்பத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுத்த இடம் 2 எம்.பி. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் பல சமயம் அதற்குள் அடங்காது. அந்த இடுக்கில்தான் கவிதை எழுதினார்கள், சமையல் குறிப்பு போட்டார்கள், இறந்துபோன பிள்ளைக்கு நினைவுப் பக்கம் கட்டினார்கள். 'வேலை நடக்கிறது' என்று கடப்பாறையும் கையுமாக ஒரு சின்னப் பொம்மை ஆடிக்கொண்டிருக்கும். கீழே 'இதுவரை வந்தவர்கள் இத்தனை பேர்' என்று ஒரு மீட்டர் ஓடும்.

குடியேறியவர்களை அந்தக் கம்பெனி 'ஹோம்ஸ்டெடர்' என்று அழைத்தது. அமெரிக்காவில் 1862-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, அரசாங்கத்தின் காலி நிலத்தில் ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்தவனுக்கு அந்த நிலம் சொந்தமானது. அந்தப் பழைய குடியானவர்களின் பெயர் அது. ஆக, கூப்பிடும் பெயரிலேயே சொந்தம் இருந்தது. பத்திரத்தில் இருந்ததா என்று அன்றைக்கு அநேகமாக யாரும் கேட்கவில்லை.

கதவைத் தட்டியவர்கள்

நாம் இந்த நகரத்துக்கு வந்த முதல் வாரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பாஷை தெரியாது, பஸ் நம்பர் தெரியாது. எதிர் வீட்டு மாமி வந்து, பால்காரர் எத்தனை மணிக்கு வருவார், ஃபில்டர் காபிப் பொடிக்கு மாதுங்காவில் எந்தக் கடை, ரேஷன் கார்டுக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. நம் சொசைட்டிகளில் சம்பளம் இல்லாத செகரெட்டரி ஒருவர் இருப்பார். தண்ணீர் வரவில்லை என்றால் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவோம்; யாராவது மாடிப்படியில் செருப்பு அலமாரி வைத்தால் அவர் நம் கதவைத் தட்டுவார்.

ஜியோசிட்டீஸ் இப்படிப்பட்ட மனிதர்களைத் தன் வாடிக்கையாளர்களுக்குள்ளேயே கண்டுபிடித்தது. அவர்களுக்கு 'கம்யூனிட்டி லீடர்' என்று பெயர். கம்பெனி சிப்பந்திகள் அல்ல. அந்தந்தப் பேட்டையில் குடியிருந்த தொண்டர்கள். புதிதாக மனை பிடித்தவருக்கு நல்வரவு சொல்லிக் கடிதம் போடுவார்கள். பக்கம் கட்டத் தெரியாதவருக்கு ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுப்பார்கள். மனை பிடித்துவிட்டு எதுவும் கட்டாமல் போட்டுவைத்திருப்பவர்களைக் கண்டுபிடிப்பார்கள். ஆபாசமோ வசையோ தென்பட்டால் கம்பெனிக்குத் தெரிவிப்பார்கள். நன்றாகக் கட்டிய பக்கத்துக்குப் பேட்டையின் சார்பில் விருது கொடுப்பார்கள். விருது என்றால் ஒரு சின்னப் படம்தான். ஆனால் வாங்கியவர் அதை வாசலிலேயே மாட்டிக்கொள்வார். நம் ஆண்டு விழாவில் கோலப்போட்டி முதல் பரிசை வாங்கிய பாத்திரத்தைப் பத்து வருஷம் ஷோகேஸில் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு இது விளங்கும்.

பக்கம் தோறும் 'விருந்தினர் ஏடு' ஒன்று இருக்கும். வந்து பார்த்தவர் இரண்டு வரி எழுதிவிட்டுப் போவார். எழுதியவர் விலாசத்தைப் பார்த்து வீட்டுக்காரர் திரும்பிப் போய் அவருடைய ஏட்டில் இரண்டு வரி எழுதுவார். தாம்பூலம் வாங்கியவர் வீட்டுக்குப் பதில் தாம்பூலம் போவது போலத்தான். ஒரே விஷயத்தில் ஆர்வம் உள்ளவர்கள் தம் பக்கங்களைச் சங்கிலி மாதிரி கோத்துக்கொள்வதும் உண்டு. ஒருவர் வீட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்தால் அடுத்தவர் வீட்டு வாசல்.

கம்பெனிக்கு இதில் என்ன லாபம்? நியாயமான கேள்வி. லட்சக்கணக்கானவர்களின் சந்தேகங்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பதில் சொல்ல ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது. தொண்டர்கள் அதைச் செலவில்லாமல் செய்தார்கள். அக்கம்பக்கம் உள்ளவர் அடிக்கடி வருவார். வருகிறவர் பெருகினால் விளம்பரம் விற்கலாம். ஆனால் லாபக் கணக்கு இருந்ததால் அந்தச் சிநேகிதம் பொய்யாகிவிடாது. 1997 அக்டோபரில் பத்து லட்சமாவது குடியிருப்பவர் வந்தார். இரண்டு வருஷத்துக்குச் சற்றே அதிகமான காலத்தில் ஒரு பெருநகரம்.

அந்த நகரத்தில் தமிழும் ஒரு வீடு பிடித்திருந்தது. சுவிட்சர்லாந்தில் விஞ்ஞானியாக இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் நடத்திய 'தமிழ் மின் நூலகம்' பக்கம் ஏதென்ஸ் பேட்டையில்தான் இருந்தது. அன்றைக்குத் தமிழ் எழுத்து கம்ப்யூட்டரில் தானாகத் தெரியாது. எழுத்துருவை முதலில் இறக்கிப் போட்டுக்கொண்டால்தான் படிக்க முடியும். இல்லாவிட்டால் திரை முழுக்கப் புரியாத குறிகளாக நிற்கும். அவ்வளவு பாடுபட்டுத் தமிழ் படித்தவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்கள்தாம். பின்னாளில் பழைய தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கிய மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியபோது அதற்குத் தலைமை ஏற்றவரும் இவரே.

வீட்டுக்காரர் மனம் மாறினால்

இலவச வீட்டுக்கு ஒரு குறை உண்டு. குடியிருப்பவர் பெயரில் ரசீது இருக்காது. ஜியோசிட்டீஸின் விளம்பர வருமானம் செலவுக்குப் போதவில்லை. 1997-இல் குடியிருப்பவர்களின் பக்கங்களிலேயே விளம்பரம் வரத் தொடங்கியது. 1998-இல் எல்லோர் பக்கத்தின் மூலையிலும் கம்பெனியின் முத்திரை நிழல் போல மிதக்கும்படி செய்தார்கள். குடியிருப்பவர்களுக்கு அது பிடிக்கவில்லை. முணுமுணுப்பு பலமாகவே எழுந்தது.

அதே 1998 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் மத்திய வர்த்தக ஆணையம் இந்தக் கம்பெனி மீது ஒரு புகாரைக் கொண்டுவந்தது. குடியேறும்போது பூர்த்தி செய்யும் படிவத்தில் வருமானம், படிப்பு, உத்தியோகம், திருமணம் பற்றிய விவரங்களைக் கேட்டு, அனுமதி இல்லாமல் பிறருக்குத் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டு, விளம்பரக்காரர்களுக்குப் போகும்படி செய்தார்கள் என்பது புகாரில் ஒன்று. குழந்தைகளுக்கான சங்கங்களையும் போட்டிகளையும் கம்பெனியே நடத்துவது போலக் காட்டினாலும், விவரங்களை வாங்கி வைத்திருந்தவர்கள் தொண்டர்கள்தாம் என்பது மற்றொன்று. இன்டர்நெட்டில் அந்தரங்கம் சம்பந்தமாக அந்த ஆணையம் எடுத்த முதல் வழக்கு இதுதான். தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே கம்பெனி சமாதானத்துக்கு வந்தது. என்ன விவரம் வாங்குகிறோம், எதற்கு வாங்குகிறோம் என்று வெளிப்படையாக அறிவிக்கவும், சிறு குழந்தைகளிடம் விவரம் கேட்குமுன் பெற்றோர் சம்மதம் வாங்கவும் ஒத்துக்கொண்டது. செகரெட்டரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எல்லா வீட்டுச் சாவியையும் அவரிடம் கொடுத்துவைப்பதில் உள்ள ஆபத்து இதில் தெரிகிறது.

அதே மாதத்தில்தான் கம்பெனியின் பங்குகள் சந்தைக்கு வந்தன. 1999 ஜனவரியில் யாஹூ கம்பெனி ஜியோசிட்டீஸைச் சுமார் 360 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு வாங்குவதாக அறிவித்தது. நம் ஊர் பாஷையில் சொன்னால் கட்டடம் பில்டர் கைக்குப் போய்விட்டது, ரீடெவலப்மென்ட் ஆரம்பம்.

ஜூன் மாதக் கடைசியில் புது நிபந்தனைகள் வந்தன. குடியிருப்பவர்கள் தம் பக்கத்தில் வைத்திருக்கும் எழுத்தையும் படத்தையும் யாஹூ என்றைக்கும், எந்த வடிவிலும், காசு கொடுக்காமல் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற பொருள்பட அதில் ஒரு வாசகம் இருந்தது. ஊர் கொதித்துவிட்டது. பலர் தம் பக்கங்களை வெறுமையாக்கிவிட்டு எதிர்ப்பு அறிவிப்பை மட்டும் வைத்தார்கள். சிலர் மூட்டை கட்டிக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போனார்கள். சில நாட்களுக்குள் யாஹூ அந்த வாசகத்தைத் திருத்தியது. எழுதியவருக்கே அவர் எழுத்து சொந்தம் என்று தெளிவுபடுத்தியது. ஒருவரை ஒருவர் அறிந்த அயலாராக இருந்ததால்தான் அவ்வளவு சீக்கிரம் ஒன்றுசேர முடிந்தது என்று நான் நினைக்கிறேன். கோடவுன் வாடிக்கையாளர்களாக இருந்தால் தனித்தனியாகப் புலம்பிவிட்டு ஓய்ந்திருப்பார்கள்.

ஆனால் அந்த வெற்றிக்குப் பிறகுதான் பெரிய நஷ்டம் வந்தது. அதற்குக் கூச்சலும் இல்லை, குழப்பமும் இல்லை. பேட்டைப் பெயரும் கதவு எண்ணும் கொடுக்கும் வழக்கத்தை யாஹூ நிறுத்தியது. புதிதாக வருகிறவருக்கு அவருடைய பயனர் பெயரே விலாசம் ஆயிற்று. கம்யூனிட்டி லீடர் ஏற்பாடும் கைவிடப்பட்டது. பார்த்தால் சுலபமான ஏற்பாடுதான். ஆனால் அடுத்த வீடு என்று ஒன்று இல்லாமல் போயிற்று. நல்வரவு சொல்ல யாரும் வரவில்லை. ஊர் மறுபடி கோடவுன் ஆயிற்று.

இறுதி நோட்டீஸ்

கோடவுனாக அது இன்னும் பத்து வருஷம் நின்றது. ஜனங்கள் வேறு வேறு புது இடங்களுக்குப் போய்விட்டார்கள். 2009 ஏப்ரலில் யாஹூ இனிமேல் புது வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதில்லை என்றும், அந்த வருஷத்திலேயே மூடிவிடப் போவதாகவும் அறிவித்தது. அக்டோபர் 26 அன்று மூடியது. அப்போது அங்கே சுமார் 3.8 கோடி பக்கங்கள் இருந்தன என்று கணக்கு. ஜப்பானில் மட்டும் அந்தச் சேவை 2019 மார்ச் 31 வரை நடந்தது.

நோட்டீஸ் கொடுத்துத்தான் மூடினார்கள். ஆனால் பத்து வருஷத்துக்கு முன் கொடுத்த மின்னஞ்சல் விலாசத்தை எத்தனை பேர் இன்னும் வைத்திருப்பார்கள்? எழுதியவர் காலமாகியிருந்தால் நோட்டீஸை வாங்கிக்கொள்வது யார்?

அந்தச் சமயத்தில் ஒரு காரியம் நடந்தது. ஜேசன் ஸ்காட் என்பவரைச் சேர்ந்த 'ஆர்க்கைவ் டீம்' என்ற தொண்டர் குழு, யாரும் கேட்காமலே, மூடுமுன் முடிந்த மட்டும் பக்கங்களைப் பிரதி எடுத்து வைத்தது. ஒரு வருஷம் கழித்து, 2010 அக்டோபரில், அதை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி சுமார் 640 ஜி.பி. கட்டாக வெளியிட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' நூலகமும் தன் பங்குக்குச் சேமித்தது. எல்லாம் கிடைத்துவிடவில்லை. கிடைத்தவற்றை இன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள், சாதாரண மனிதர்கள் இன்டர்நெட்டில் முதன்முதலாக என்ன பேசினார்கள் என்று அறிவதற்காகப் படிக்கிறார்கள். கம்பெனிக்குப் பாரமாக இருந்தது சரித்திரத்துக்குச் சொத்தாகிவிட்டது.

நம் வீட்டு விஷயம்

இதையெல்லாம் சங்க மலரில் எதற்கு எழுதுகிறேன் என்று நினைக்கும் அன்பர்களுக்கு இரண்டு வார்த்தை.

நம் சங்கத்தின் பழைய பதிவேடுகள் பீரோவில் இருக்கின்றன. ஆனால் சமீப வருஷங்களின் பொங்கல் விழாப் படங்கள், பிள்ளைகளின் நாட்டிய அரங்கேற்றங்கள், தமிழ் வகுப்புப் பாடங்கள், நம்மை விட்டுப் போன பெரியவர்கள் மேடையில் பேசியதன் ஒலிப்பதிவுகள், இவை எல்லாம் எங்கே இருக்கின்றன? ஏதோ ஒரு கம்பெனி இலவசமாகக் கொடுத்த இடத்தில், யாரோ ஒரு அன்பர் பெயரில் திறந்த கணக்கில் இருக்கின்றன. அவர் வேலை மாற்றலாகி வேறு ஊர் போய்விட்டால் சாவி யாரிடம்? இலவச இடத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் இவற்றில் பாதியை நாம் பதிவு செய்தே இருக்க மாட்டோம். மனை அவர்களுடையது, வீட்டுச் சாமான் நம்முடையது என்ற நினைவு இருந்தால் போதும்.

ஆகவே என் யோசனைகள் மூன்று. வருஷத்துக்கு ஒருமுறை, ஆண்டு விழா முடிந்த மாதத்தில், எல்லாவற்றையும் இரண்டு ஹார்ட் டிஸ்குகளில் பிரதி எடுத்து, ஒன்றைச் சங்க அலுவலகத்திலும் மற்றொன்றை வேறு பேட்டையில் உள்ள செயற்குழு உறுப்பினர் ஒருவர் வீட்டிலும் வைக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் வருஷம், இடம், யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிவைக்க வேண்டும். பெயர் தெரியாத படம் ஐம்பது வருஷம் கழித்து வெறும் காகிதம்தான். கணக்குகளின் கடவுச்சொற்கள் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவர் பொறுப்பிலும் இருந்து, பதவி மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு சேர்த்து ஒப்படைக்கப்பட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, இதற்குச் செலவே இல்லை. ஜியோசிட்டீஸ் நன்றாக நடந்த நாட்களில் செய்ததை நாமும் செய்யலாம். இப்போது நம் புது உறுப்பினர்களுக்குச் சந்தா ரசீதும் கைபேசிக் குழுவில் ஓர் இடமும் கிடைக்கின்றன. அதோடு சரி. செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி, வாஷி என்று பேட்டைக்கு ஒரு தொண்டர் முன்வந்து, புதிதாக வந்த குடும்பத்தை அந்த மாதத்திலேயே நேரில் போய்ப் பார்த்து, பள்ளிக்கூடம், டாக்டர், கோயில், மளிகைக்கடை என்று நாலு விஷயம் சொல்லிவிட்டு வந்தால் என்ன? குழுவில் முன்னூறு பேர் காலை வணக்கம் அனுப்புவதைவிட, ஒருவர் கதவைத் தட்டுவது மேல்.

செம்பூருக்கு என் பெயரை எழுதிக்கொள்ளலாம். மற்றப் பேட்டைகளுக்கு முன்வரும் அன்பர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வரும்போது வீட்டில் உள்ள பழைய விழாப் படங்களையும், பின்பக்கத்தில் பெயர்கள் எழுதி, மறக்காமல் எடுத்து வாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம்.